மூன்றாவது ஹேமர்

மூன்றாவது நாளாகப் பின் அசையவில்லை.

மண் அள்ளும் எந்திரத்தின் கையையும் அதன் வாளியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பின் அது. தொடைப் பருமன். கிரீஸ் காணாமலே பல வருடம் உழைத்து, துருவேறி, உறையோடு ஒன்றிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றியாயிற்று, நெருப்பு காட்டியாயிற்று, பழுதுபார்க்கும் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு தரம் திட்டியும் பார்த்தாயிற்று. சுத்தியல்காரர் மறுபடியும் ஏர் ஹேமரைத் தூக்கி, உளியைப் பின்னின் தலையில் வைத்து விசையை அழுத்தினார். கம்ப்ரசர் காற்றைத் தள்ளியது. ஹேமர் உளியை அடித்தது. பின் தன் பாட்டுக்கு இருந்தது.

"போதும் மாமா. இந்த ஹேமர் கொட்டாவி விடுது" என்றான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்ற மைத்துனன். அவர் மனைவியின் தம்பி. அவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு இதே ஷெட்டில் வேலை பார்ப்பவன்.

"ஹேமர் மேல பழி போடாத. காத்து பத்தல."

"மூணு நாளா பத்தாத காத்து இப்ப மட்டும் பத்திடுமா?"

சுத்தியல்காரர் விசையை விட்டார். சத்தம் நின்றது. அவருக்கு மட்டும் நிற்கவில்லை. காதிலா எலும்பிலா என்று சொல்லத் தெரியாத ஓர் இடத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வருடமாக அப்படித்தான். நிஜமாகவே நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர் சுவரைப் பார்ப்பார்.

சுவரில் நான்கு ஆணிகள். மூன்றில் மூன்று ஜோடிக் கையுறைகள் தொங்கின. இந்த ஷெட்டில் ஹேமர் பிடித்தவன் வேலையை விட்டுப் போகும்போது கையுறையை ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. எடுத்துப் போட்டுக்கொள்ளவும் யாருக்கும் மனசு வரவில்லை. எண்ணெயும் வியர்வையும் ஊறி இறுகிய அந்தத் தோல், பிடித்த பிடியிலேயே நின்றுவிட்டது. கம்ப்ரசர் ஓடும்போது சுவர் அதிரும். ஆள் இல்லாத அந்த விரல்கள் மெல்ல மூடித் திறக்கும். ஹேமரும் ஓடினால் வெடவெடவென்று துடிக்கும். இப்போது மெல்லத்தான் மூடித் திறந்தன. கம்ப்ரசர்தான் இன்னும் ஓடுகிறது, ஹேமர் இல்லை என்று தெரிந்துகொண்டார். நான்காவது ஆணி காலியாக இருந்தது. அதை அவர் பார்க்க மாட்டார்.

முதலாளி வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். "விடுங்க, விடுங்க. சாயங்காலம் மூணு ஹேமர் வந்து இறங்குது. மூணுமே இதைவிட ரெண்டு மடங்கு அடிக்குமாம். நாளைக்குக் காலைல நீங்க ஒண்ணை எடுத்துக் கொடுங்க. வழக்கம்போலக் கண்ணைக் கட்டிடுவோம்."

கண்ணைக் கட்டுவது முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு. பளபளவென்று சிவப்பு பெயிண்ட் அடித்த ஒரு ஜாக்கியைப் பார்த்து மயங்கி அவர் வாங்க, அது முதல் லாரிக்கே காலை மடக்கிவிட்டதாம். அன்றிலிருந்து எந்தக் கருவி வாங்கினாலும், அதை அதிகம் பிடிக்கிற ஆளின் கண்ணைக் கட்டிக் கையில் கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவன் சொன்னால் சொன்னதுதான், அப்புறம் பேச்சே கிடையாது. பத்தொன்பது வருடத்தில் சுத்தியல்காரர் இப்படி நான்கு ஹேமர் எடுத்திருக்கிறார். ஒன்றும் சோடை போகவில்லை. விசையை அழுத்திய மாத்திரத்தில், உள்ளே பிஸ்டன் எத்தனை இழை தளர்வு என்பதுவரை சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"உங்க கை இருக்கே, அது தங்கம்" என்றார் முதலாளி.

சுத்தியல்காரர் சிரித்தபடி அந்தத் தங்கத்தைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நல்ல குளிர். சுத்தியல்காரர் சமையலறை வாசலில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தார். வலது கையின் நான்கு விரல்களும் இரண்டாவது கணுவரை வெள்ளையாக இருந்தன. சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல, கோடு கிழித்து நின்றது வெள்ளை. மனைவி பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கையை உள்ளே விட்டார். சூடா, ஆறிப்போனதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே அடுப்படியில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார். "ஏதோ தீயிற வாசனை வருதே" என்றாள் அவள். அவரும் மூக்கை உறிஞ்சி, "ஆமா, தீயுது" என்றார். இருவரும் சேர்ந்து அடுப்பில் தேடினார்கள். தீய்ந்துகொண்டிருந்தது அடுப்பின் விளிம்பில் அவர் ஊன்றியிருந்த கை.

அதற்கு முன்பே அவளுக்குச் சந்தேகம்தான். ஞாயிறு மதியம் அவர் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஆள் கட்டைபோலக் கிடப்பார். வலது ஆள்காட்டி விரல் மட்டும் விசையை அழுத்தும், விடும், அழுத்தும். அவள் அந்த விரலைப் பிடித்து நிறுத்தினால், அது நின்று, இவள் கையை எடுக்கும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்கும். அவளுக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

விரல் ஓரளவு சிவந்ததும் அவர் எழுந்து நின்றார். அவள் சட்டைப் பட்டன்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். முன்பெல்லாம் மைத்துனன் இதைப் பார்த்து, "கல்யாணமாகி இருபது வருஷம், இன்னும் கொஞ்சல் தீரலையே" என்று வம்புக்கு இழுப்பான். கை தீய்ந்த நாளோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டான். இன்றைக்கு வேறு ஒன்று சொல்ல வந்தான்.

"மாமா, நேத்து இறக்கி வைக்கும்போது மூணையும் பிடிச்சுப் பாத்தேன். அதுல ஒண்ணு இருக்கு பாருங்க..."

"சொல்லாத."

"கேளுங்களேன் மாமா."

"பத்தொன்பது வருஷமா யாரும் சொல்லி நான் எடுத்ததில்ல. இன்னைக்கு நீ சொல்லி எடுக்கணுமா?"

"அவன் சொன்னதக் கேட்டா என்ன குறைஞ்சுபோயிடுவீங்க?" என்றாள் மனைவி.

"குறைய என்ன இருக்கு, வேலைதான் போகும். கை செத்துப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நாலாவது ஆணி எனக்கு. அதுக்கப்புறம் இந்தக் கைய வெச்சுக்கிட்டு எவன் கூப்பிடுவான்?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் யோசிச்சு வெச்சிருக்கேன். விரல் போனா என்ன, முழங்கை இருக்கு. அங்க இன்னும் உணர்ச்சி இருக்கு. எந்த ஹேமரோட அதிர்வு முழங்கை வரைக்கும் வரலையோ, அதுதான் நல்ல ஹேமர். அவ்வளவுதானே?"

மைத்துனனுக்கும் அது சரி என்றுதான் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஷெட்டில் எல்லோரும் எந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். ஹேமர் விற்க வந்த கம்பெனிக்காரர் கறையே இல்லாத சட்டையோடு, கையில் ஒரு தாளோடு ஓரமாக நின்றார். முதலாளி தன் கையாலேயே துணியை மடித்துச் சுத்தியல்காரரின் கண்ணைக் கட்டினார். துணியில் டீசல் வாசனை அடித்தது.

இருட்டு வந்ததும் அவருக்கு ஒன்று விளங்கியது. இதுவரை கண்ணால் பார்த்துத்தான் கை இருப்பதைத் தெரிந்துகொண்டிருந்திருக்கிறார். கண்ணைக் கட்டியதும், மணிக்கட்டோடு எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் எதுவுமே இல்லை.

முதல் ஹேமர் வந்தது. கனம் முழங்கையில் தெரிந்ததால் பிடித்துவிட்டதை ஊகித்தார். யாரோ உளியைப் பின்னின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். அழுத்தினார். "சப்பை" என்றார் உடனே. சத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது. கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டார்.

இரண்டாவது நிதானமாக அடித்தது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்தது. முழங்கை குலுங்கியது, தோள் குலுங்கியது, பல்லில் போய் நின்றது. எங்கோ உள்ளே அந்தப் பின் ஒரு தடவை கிரீச்சிட்டது.

"ம்" என்றார். அடுத்ததற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் கொடுக்கவில்லை. "மூணாவதக் கொடுங்க" என்றார்.

எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொடுத்தாச்சே" என்றார் முதலாளி. "பிடிச்சுக்கிட்டுதானே நிக்கிறீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். கட்டிய துணிக்குக் கீழே மாமாவின் உதடு காய்ந்து கிடந்தது. ஹேமர் நேராக அவருடைய வெள்ளை விரல்களுக்குள் இருந்தது. அதன் கனத்தை அடியில் முதலாளி இன்னும் தாங்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணையும் கட்டிட்டு, வெயிட்டையும் நீங்களே சுமந்தா எனக்கு எப்படித் தெரியும் முதலாளி? கைய எடுங்க" என்றார் சுத்தியல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். கனம் முழங்கைக்கு வந்தது. இனி அழுத்த வேண்டும் என்று அவர் நினைப்பதற்குள் ஹேமர் ஓடத் தொடங்கியது. யார் அழுத்தியது என்று ஒரு கணம் திகைத்தார். அவர் விரல்தான் அழுத்தியிருந்தது, ஞாயிறு மதியம் அழுத்துவதுபோல.

அது வண்டுபோல ஒரே ரீங்காரமாக அடித்தது. முழங்கையில் சலனமே இல்லை. தோள் ஓய்வாக இருந்தது. இரும்புப் பின் மறுபடி கிரீச்சிட்டது, நகர்ந்தது, அந்தப் பக்கமாகத் தொப்பென்று மண்ணில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதுதான்" என்றார் சுத்தியல்காரர். "மூணாவது. கையில இருக்கிறதே தெரியல."

மைத்துனன் கைதட்டவில்லை. ஹேமர் ஓடும்போது அவன் மாமாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களின் விளிம்பு கலங்கிப்போய், எது விரல் எது இரும்பு என்று தெரியாமல் இருந்தது. புறங்கைத் தோல் தண்ணீர்போல நெளிந்தது. மணிக்கட்டில் போய் எல்லாம் நின்றுவிட்டது. முழங்கைக்கு எதுவும் வரவில்லை. வந்த அத்தனையையும் விரல்களே வாங்கி வைத்துக்கொண்டன. நேற்று இதைத்தான் அவன் இரண்டு நிமிடம் பிடித்தான், வீடு போய்ச் சேரும்வரை விரலுக்குள் எறும்பு ஊர்ந்தது. பின்னைத் தளர்த்தியது இரண்டாவது ஹேமர் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. மாமாவின் கணக்கு தலைகீழ்.

அவன் வாயைத் திறந்தான்.

"என்னப்பா?" என்றார் முதலாளி.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஆறு கைகளும் மூடித் திறந்தன. நான்காவது ஆணியில் வெளிச்சம் பட்டு மின்னியது.

"ஒண்ணுமில்ல முதலாளி. தூசி."

கம்பெனிக்காரர் மட்டும் இன்னும் சுத்தியல்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த தாளில் ஒவ்வொரு ஹேமரும் எவ்வளவு அதிரும், ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பிடிக்கலாம் என்று போட்டிருந்தது. அதை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நல்ல கை சார் இவருக்கு" என்றார்.

"அவர் சொன்னா சொன்னதுதான்" என்றார் முதலாளி. "இனிமே மாமாவும் நீயும் மாத்தி மாத்திப் பிடிங்க. எத்தனை வண்டி வந்தாலும் உள்ள விடலாம்."

கண்கட்டை அவிழ்த்ததும் சுத்தியல்காரர் முதல்முறையாக நான்காவது ஆணியை நேராகப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குழாயடியில் கை கழுவும்போது, "நல்லாத்தானே எடுத்தேன், மாப்ளே?" என்று கேட்டார்.

மைத்துனன் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தான் எடுத்தீங்க மாமா" என்றான்.

அடுத்த குளிர்காலம் வந்தபோது ஷெட்டின் வாசலுக்கு வெளியேயும் எந்திரங்கள் வரிசையில் நின்றன. மூன்றாவது ஹேமர் ஒரு நாளும் பழுதாகவில்லை. அப்படி ஒரு கருவியை எடுத்துக்கொடுத்த கையைப் பற்றி முதலாளி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் யாரோ ஐந்தாவதாக ஓர் ஆணி அடித்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை, ஆட்களை ஷெட்டுக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்து தெருவில் ஹாரன் அடித்தது. மனைவி சுத்தியல்காரரின் கடைசிப் பட்டனைப் போட்டு முடித்துத் திரும்பினாள். அறை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். சட்டை திறந்து கிடந்தது. இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

"வண்டி வந்துடுச்சுடா. பட்டனப் போட்டுட்டு வா."

அவன் கையை வெளியே எடுக்கவில்லை.

"அக்கா" என்றான்.

அடுப்படியில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. சுத்தியல்காரர் அவனுடைய பைகளைப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலைல ஒண்ணு சொல்ல வந்தியே மாப்ளே" என்றார். "எந்த ஹேமரச் சொல்ல வந்த?"

"இப்ப எதுக்கு மாமா அது?"

வண்டி மறுபடியும் ஹாரன் அடித்தது. அவள் தம்பியின் அருகில் வந்தாள். கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்கினாள்.