ஹேஸ் பீன் மச்சான்

ஹோட்டல் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் அந்தச் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் வேலை மட்டும்தான் வரும், ஆள் வரமாட்டான். "ஷீட்ஸ் ஹேவ் பீன் வாஷ்ட்." "டவல்ஸ் ஹேவ் பீன் ஃபோல்டட்." துணிகள் தாங்களே தொட்டியில் குதித்துக் குளித்து, தாங்களே மடிந்து படுத்துக்கொண்டன போலும்.

எல்லாம் அவர் போய்வந்த மாலைநேர ஆங்கில வகுப்பு செய்த வேலை. செய்தவர் யாரென்று தெரியாதபோதும், அதைச் சொல்லத் தேவையில்லாதபோதும் இப்படிப் பேசலாம் என்றாராம் வாத்தியார். 'தேவையில்லாதபோது' என்பது சூப்பர்வைசருக்கு வெல்லக்கட்டியாக இனித்தது. பாய்லரை அவரே தவறி அணைத்தாலும் "இட் ஹேஸ் பீன் ஸ்விட்ச்ட் ஆஃப்"தான்.

இஸ்திரி மேசையில் நிற்கும் கஞ்சிக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். துணிக்குக் கஞ்சி போடுவதில் அவன் புலி. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் அவன் மனைவிக்கு அண்ணன் வேறு.

"மச்சான், சாப்பிட்டீங்களா? இல்ல, சோறு சாப்பிடப்பட்டுச்சா?"

"உனக்கெல்லாம் நாகரிகம் புரியாது மாப்ள. வேலையப் பாரு."

ஹோட்டல்காரர்கள் சொந்தமாக ஒரு புதுச் சலவைக்கூடம் கட்டியிருந்தார்கள். அங்கே ஜன்னல் உண்டாம், உட்கார நாற்காலி உண்டாம். நீராவியில் நின்று நின்று கால் வீங்கிய கஞ்சிக்கு அந்த வேலை மேல் ஒரே கண்.

ஒருநாள் ஹோட்டல் மேனேஜரம்மா வந்து, ஒரு விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஹூ அயர்ன்ட் திஸ்?"

கேள்வி என்றாலே குற்றம் என்று பழகிய உடம்பு. சூப்பர்வைசர் கைகட்டி நின்றார்.

"இட் ஹேஸ் பீன் அயர்ன்ட், மேடம்."

"அதான் தெரியுதே. யாரு?"

"கேர் ஹேஸ் பீன் டேக்கன், மேடம்."

அம்மா சிரித்துவிட்டார். "குத்தம் சொல்லலைங்க. இந்தக் கைதான் எங்க புது எடத்துக்கு வேணும்."

கஞ்சி வாயைத் திறப்பதற்குள் மச்சான் நெஞ்சைத் தட்டினார். "ஐ! ஐ ஹேவ் அயர்ன்ட், மேடம்!" இத்தனை நாளில் அவர் வாக்கியத்துக்குள் முதன்முதலாக ஓர் ஆள் வந்து நின்றான். அவனும் புளுகன்.

"அப்போ ஒண்ணு தேச்சுக் காட்டுங்க."

மச்சான் இஸ்திரிப்பெட்டியை விரிப்பின் மேல் வைத்தார். வைத்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தன் பெருமையை ஆங்கிலத்தில் அளக்க ஆரம்பித்தார். புகை வந்தது. தூக்கிப் பார்த்தால் வெள்ளைத் துணியில் பழுப்பாக இஸ்திரிப்பெட்டியின் அச்சு.

"இட் ஹேஸ் பீன் பர்ன்ட், மேடம்" என்றார், யாரோ வந்து பொசுக்கிவிட்டு ஓடிப்போனதுபோல.

"தள்ளுங்க மச்சான்." கஞ்சி வேறொரு விரிப்பை உதறிப் போட்டுத் தேய்த்தான். "அதையும் நான்தாம்மா தேச்சேன். இதையும் நான்தான்."

"திங்கக்கிழமை அங்க வந்துடுங்க."

சந்தோஷச் சேதியோடு கஞ்சி வீட்டுக்கு வந்தால், மனைவி வாசலிலேயே முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"அண்ணன் போன் பண்ணிச்சு. 'மாப்பிள்ளைக்கு ஹோட்டல்ல வேலை வாங்கிக் குடுத்தாச்சு'ன்னு சொல்லிச்சு!"

"குடுத்தாச்சாமா?" என்று செருப்பைக் கழற்றினான் கஞ்சி. "யாரு குடுத்தான்னு கேட்டியா நீ?"