கைகாரி

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் போதகரைப் பார்க்கவே இல்லை. சபை முழுக்கப் போதகர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கைகாரியின் கைகளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறச் சட்டை, மடியில் மூடிய வேதபுத்தகம், உதட்டில் ஒரு அசைவு கிடையாது. போன ஞாயிறும் இதே கதைதான். புதிதாக வருகிறவர்கள் சைகையை வேடிக்கை பார்ப்பது வழக்கம், ஆனால் வேடிக்கை பார்க்கிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்க் கொட்டாவி வந்துவிடும். இவருக்கு வரவில்லை. அது போதாதென்று, அவள் ஒரு வார்த்தையை மாற்றிப் போட்ட இடத்தில் சரியாக அவருடைய புருவம் ஏறி இறங்கியது.

இந்த ஆளுக்குச் சைகை தெரியும்.

கைகாரி என்பது அவள் பெயர் இல்லை. ஆர்கன் வாசிப்பவர் வைத்த பட்டப்பெயர். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை மேல் நின்று, போதகர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்வாள். காது கேளாதவர்கள் இடது ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெஞ்சின் நுனியில் அவளுடைய சொந்த அக்கா, பக்கத்தில் தையல்கடை நடத்தும் ஒரு புருஷன் பெண்டாட்டி, கடைசியில் குழாய் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். கையால் பேசுகிறவள், அதனால் கைகாரி. தந்திரக்காரி என்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இப்போது யோசித்தால், ஆர்கன்காரர் சும்மா வைத்த பெயரா அது என்றே சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்படாமல் எப்படி இருப்பாள்? அந்தக் கை சுத்தமில்லையே.

வேறொன்றும் இல்லை, தனக்கு மனசு ஒப்பாத பகுதிகளை அவள் கொஞ்சம் திருத்திவிடுவாள். தீர்க்கதரிசியின் வழுக்கையைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்ட கதை வந்தது. போதகருக்கும் நல்ல வழுக்கை என்பதால் வாலிபர் கூட்டம் குனிந்து சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கைகாரி அந்தப் பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு ஓட வைத்துவிட்டாள். கரடி காட்டுக்குத் திரும்பிப் போயிற்று. நேர்ந்துகொண்டபடி மகளைப் பலி கொடுத்த தகப்பனுக்குக் கடைசி நிமிஷத்தில் மனசு மாறிற்று. இடது ஓரத்துப் பெஞ்சுக்கு மட்டும் ஒரு கருணையான வேதம், அவள் கையால் எழுதியது.

இதற்காக யாராவது அவளை அவிசுவாசி என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். வாரநாளில் அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்காரி. பல் பிடுங்க வருகிறவர்கள் நாற்காலி நுனியில் நடுங்கிக்கொண்டிருந்தால், அவர்களுக்குத் தெரியாமல் மனதுக்குள் ஜெபம் பண்ணித்தான் உள்ளே அனுப்புவாள். இயேசு அழுதார் என்று படித்தால் இவளும் கூடவே அழுவாள். அந்த ஒருவரை முழுசாக நம்பினாள். அவரைப் பற்றி எழுதிவைத்தவர்கள் எல்லாரையும் வரிக்கு வரி நம்ப அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விட ஒரே ஒரு பகுதிதான் அவள் தொண்டையில் சிக்கிய முள். ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் கூட்டிவருகிறான். பையனைப் பிடித்திருந்தது ஊமையும் செவிடுமான ஆவி என்று அங்கே எழுதியிருக்கிறது. சின்ன வயதில் ஒரு ஜெபக் கூட்டத்தில், அம்மா அக்காவை மேடைக்கு ஏற்றினாள். ஊழியக்காரர் ஒருவர் அக்காவின் இரண்டு காதையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஆவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வெளியே போ என்று தொண்டை கிழியக் கத்தினார். அக்கா பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டாள். ஆவியும் போகவில்லை, காதும் வரவில்லை. உன் விசுவாசம் போதவில்லை என்று அம்மாவுக்குத்தான் திட்டு விழுந்தது. அன்றைக்கு முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்காரிதான் இப்போது பலகை மேல் நிற்கிறாள். காது கேளாமை ஒரு பிசாசு என்று தன் அக்காவைப் பார்த்துத் தன் கையாலேயே சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று நினைத்தாள்.

போதகர் இப்போது சுவிசேஷத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரசங்கித்து வந்தார். அந்த அதிகாரம் அடுத்த ஞாயிறு.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைக் கதவோரம் நிறுத்தினார்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். இத்தனை காலமா நீங்க ஒருத்தரே பண்றீங்க. இன்னொருத்தரும் மாத்தி மாத்திப் பண்ணினா உங்களுக்கும் ஓய்வு கிடைக்குமே?"

"எனக்கு ஓய்வு வேணும்னு யாருங்கய்யா சொன்னது?"

"யாரும் தப்பாச் சொல்லலம்மா. ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க."

"யாரு?"

"பேர் சொல்ல வேண்டாம்னாங்க. விடுங்க. ஜெபத்துல வச்சு யோசிங்க."

ஜெபத்தில் வைத்து யோசிங்க என்று போதகர் சொன்னால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று அர்த்தம். அது அந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற போதகரம்மா, சாப்பிட்டியாம்மா என்று வழக்கத்துக்கு மேல் குழைந்தாள். குழைவே ஒரு சாட்சி என்று கைகாரி அதையும் குறித்துக்கொண்டாள். சாம்பல் சட்டைக்காரரோ வெளியே, யாரிடமும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். வேவு பார்க்க வந்தவன் வேறு எப்படி இருப்பான்?

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பலகை போய்விடும், அது பெரிய விஷயமில்லை. ஏன் போயிற்று என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும், அதுதான் அவளை அரித்தது. வேறு யாராவது அந்தப் பலகையில் ஏறி, அக்காவின் முகத்துக்கு நேராக அந்த ஆவியின் பேரைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்லுக்கு வந்தவரை முன்பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டு வசவு வாங்கினாள். யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக எடுத்துப் புரட்டினாள். கடைசியில் பொறுக்க மாட்டாமல், பாடற்குழு ஒத்திகை நடந்த சாயங்காலம் நேரே போய் ஆர்கன்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஏன் கைகாரின்னு பேர் வச்சீங்க?"

அவர் வெலவெலத்துப்போனார். "கையால பேசுறீங்களே, அதான். ஏம்மா, மனசு புண்பட்டுச்சா?"

"வேற அர்த்தம் எதுவும் இல்லையே?"

"வேற என்ன அர்த்தம்?" என்று கேட்டவர், கொஞ்சம் யோசித்து, "ஐயையோ" என்றார். அந்த ஐயையோவைப் பார்த்ததும் இந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர் என்று தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தேகம் ஒரு ஆளை விட்டு இறங்கினால் அடுத்த ஆள் மேல் ஏறிக்கொள்ளும், அதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

அங்கிருந்து அப்படியே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு ரொட்டிக் கடையில் வேலை, மாவு பிசைவதும் அடுப்பைக் கவனிப்பதும். அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பாள். அழைப்பு மணியை அமுக்கினால் உள்ளே ஒரு விளக்கு மினுக்கும். மினுக்கியது. அக்கா கதவைத் திறந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், சமையலறை மேஜையில், டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்தது சாம்பல் சட்டைக்காரர். இன்றைக்கு நீலச் சட்டை. அவருடைய கைகள் இரண்டும் பேச்சின் பாதியில் அந்தரத்தில் நின்றன.

கைகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. "இவர் இங்க என்ன பண்றாரு?" என்று கேட்டாள். அக்காளும் தங்கையும் பேசுவதெல்லாம் கையால்தான், எழுத்தில் எழுதினால் இப்படி வரும்.

"செவித்திறன் இல்லாத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல வாத்தியார். நான்தான் சபைக்கு வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

"போதகர் சொல்றதும் நீ சொல்றதும் ஒண்ணுதானான்னு பாக்க. அவருக்குக் காது கேக்கும்ல."

கைகாரி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று, இந்த ஒருத்தியைத் தவிர. வாத்தியார் தம்ளரை வைத்துவிட்டு நாகரிகமாக எழுந்து வராந்தாப் பக்கம் போனார்.

"இன்னொரு ஆள் வேணும்னு போதகர்கிட்ட கேட்டதும் நீதானா?"

"நானேதான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா!"

"உன்கிட்ட கேட்டா நீ உண்மையச் சொல்லுவியா? நானே படிக்கிறேன்டி. பழைய நடை எனக்கு ஓடாதுன்னு விட்டிருந்தேன். இப்ப எளிய நடையில போன்லயே கிடைக்குது. கரடிக் கதையப் படிச்சிட்டு வந்து உக்காந்தேன். நீ பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்ட. நான்தான் தப்பாப் படிச்சிட்டேனோன்னு திரும்பவும் படிச்சேன். எனக்கு எழுத்து சரியா வராதுன்னு என்மேலயே எனக்குச் சந்தேகம். என்னை நானே மக்குன்னு நினைச்சுக்கிட்டேன், தெரியுமா?"

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்..."

"முள்ளெடுத்து ஊட்டுறதுக்கு நான் என்ன குழந்தையா?" அக்காவின் கைகள் மேஜையில் இடித்துக்கொண்டன. "அந்த ஆள் என் காதப் பிடிச்சுக்கிட்டு என்ன கத்துனான்னு அம்மா சொல்லல. நீயும் சொல்லல. என்னைத் திட்டினானா, அடிக்கப் போறானா, ஒண்ணும் தெரியாது. வாயி மட்டும் பெருசாத் தெரிஞ்சுது. போன மாசம், வர்ற ஞாயிறு அதிகாரத்தப் படிச்சப்பதான் புரிஞ்சுது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம், தனியா, கடையில அடுப்புப் பக்கத்துல நின்னு அழுதேன்."

கைகாரியும் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள். "அதைப் படிச்ச பிறகும் நீ நம்புறியா?"

"அந்த இடத்த நம்பல. அவரை நம்புறேன். நீயும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும், அப்படி இல்லாட்டி கையில திருத்துவியா? சந்தேகப்படுறத நீ மட்டும் வச்சுக்கிட்ட. எங்க பெஞ்சுக்கு வெறும் ஆமென் மட்டும் குடுத்த."

கருணை என்று நினைத்துச் செய்தது முழுக்க அகம்பாவமாகத் தெரிந்தது. "ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரே ஏறட்டும்," என்றாள்.

"நீதான் ஏறணும். இருக்கிறத இருக்கிறபடி சொல்லு. நீ சொல்லித்தான் நான் பாக்கணும்," என்றாள் அக்கா.

ஞாயிறு வந்தது. போதகர் அந்தப் பகுதியை வாசித்தார். அக்காவின் கண்களை நேராகப் பார்த்துக்கொண்டு கைகாரி சொன்னாள். அந்தத் தகப்பன், தரையில் புரண்ட பையன், அந்த ஆவி, அதன் பேர். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. தையல்கடைப் பெண்டாட்டி சட்டென்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். குழாய்ப் பெரியவர் முன்னால் குனிந்து, கைகாரி தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்பதுபோலக் கண்ணைச் சுருக்கினார்.

அப்போது அக்கா கையைத் தூக்கினாள். பிரசங்கத்தின் நடுவே அந்தச் சபையில் யாரும் கேள்வி கேட்டதில்லை. போதகர் நிறுத்தினார். அக்கா எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். இத்தனை காலத்தில் முதல் தடவையாகப் பேச்சு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அதைக் குரலாக்க வேண்டியவள் கைகாரி.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் இப்படிச் சொல்கிறார், இவர் இப்படிக் கேட்கிறார் என்றெல்லாம் சொல்லக் கூடாது. பேசுகிறவர் நான் என்றால் மொழிபெயர்க்கிறவரும் நான் என்றே சொல்ல வேண்டும். கைகாரி வாயைத் திறந்தாள்.

"ஐயா, நான் இந்தப் பகுதியை நம்பல. எத்தனையோ தடவை படிச்சுப் பாத்துட்டேன், முடியல. ஆனா இயேசுவை நம்புறேன். அவர் இல்லாம எனக்கு ஒரு நாளும் விடியாது. இப்படி இருக்கிற நான் இந்தச் சபையில இருக்கலாமா, கூடாதா?"

சபையின் முகங்கள் அக்காவுக்கும் கைகாரிக்கும் நடுவே அலைந்தன. போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கோபம் இல்லை, ஜாக்கிரதைதான் இருந்தது.

"இது உங்க அக்கா கேக்கிறதாம்மா, இல்ல நீங்களா?"

மேடையிலிருந்து வருவதைப் பெஞ்சுக்குக் கொடுப்பது அவள் கடமை. அந்தக் கேள்வியையும் கையால் அப்படியே கொடுத்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு தங்கையையே பார்த்தபடி நின்றாள்.

"அக்கா கேட்டது. நானும்தான் ஐயா கேக்கிறேன்," என்றாள் கைகாரி, வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில்.

போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிகிற வழியாக இல்லை. மூன்றாவது வரிசையில் வாத்தியார் தலையைக் குனிந்திருந்தார். பெஞ்சிலிருந்து குழாய்ப் பெரியவர் கையாட்டி, போதகர் என்ன சொல்கிறார் என்று அவசரமாகக் கேட்டார். முன்பென்றால் ஏதாவது இனிப்பாக நாலு வார்த்தை சேர்த்திருப்பாள். தாராளமாக இருக்கலாம் என்கிறார், கர்த்தர் பெரியவர் என்கிறார் என்று சொல்லி அந்தப் பெஞ்சைச் சிரிக்க வைத்திருப்பாள். வாய்வரை, இல்லை, விரல்வரை வந்தது.

"ஐயா இன்னும் ஒண்ணும் சொல்லல," என்று கையால் சொல்லிவிட்டு, பலகையை விட்டு இறங்காமல் நின்றாள்.