அம்மா நல்ல சுகம்

எனக்குச் சந்தேகக் குணம். கொழும்பில் அதற்குச் சம்பளமும் தந்தார்கள். கம்பியூட்டர் அறையில் இயந்திரங்கள் தங்கள் நிலையை வரி வரியாக எழுதித் தள்ளும். அத்தனையையும் எந்த மனுசர் வாசிப்பது? அந்த வரிகளைச் சலிக்கும் புரோகிராமாக ஒரு சொல்வலை கட்டி வைப்பேன்: முன்னுக்கு எது வந்தாலென்ன, பின்னுக்கு எது வந்தாலென்ன, நடுவில் 'கோளாறு' என்றிருந்தால் அந்த வரி வலையில் விழும். ஒருநாள் குளிரூட்டி நின்று அறை வெந்துகொண்டிருக்க, ஒரு இயந்திரம் 'வெப்பம் சரி' என்றே எழுதிக்கொண்டிருந்தது. அளக்கும் கருவி செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு வலையும் கட்டினேன்: ஒரே வரி அச்சொட்டாகத் திரும்பத் திரும்ப வந்தால் அதையும் பிடி.

வெள்ளிக்கிழமைகளில் என் தமையன் சிவசிதம்பரம் நயினாதீவிலிருந்து லோஞ்ச் படகில் வந்து, புங்குடுதீவுக் கடையொன்றிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். அம்மாவின் குறைகளைத்தான் கொண்டுவருவார். முழங்கால் உளைவு, கிணறு உவர், பக்கத்து வீட்டு ஆடு முருங்கைக் கன்றைக் கடித்தது, பெட்டைப்பிள்ளை நான் இன்னும் கலியாணம் கட்டவில்லை. அம்மா குறை சொல்லாத வாரமே கிடையாது.

1982 பங்குனியில் ஒரு வெள்ளி, "அம்மா நல்ல சுகம். நீ ஒண்டுக்கும் யோசியாத" என்றார். அடுத்த வெள்ளியும் அதே வரி. அதற்கடுத்ததும். முழங்காலைக் கேட்டேன், நல்ல சுகம். ஆட்டைக் கேட்டேன், அதுவும் நல்ல சுகமாம். ஆட்டின் சுகத்தை எங்கள் வீட்டில் யார் விசாரித்தது! அம்மா செத்துப்போனார், இவர் மறைக்கிறார் என்றே நினைத்தேன். பெற்ற தாயின் முகத்தைக்கூடக் காட்டாமல் விட்டுவிட்டாரே என்று அண்ணையை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்ச்காரர் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக் கடலைப் பார்த்தார். இவரும் கூட்டுத்தான் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டு வாசலில் அண்ணையின் மனைவி நாகபூஷணி மச்சாள் "வாரும்" என்றார். விலகி உள்ளறையைக் காட்டினார்.

அம்மா கட்டிலில் கிடந்தார். உயிர் இருந்தது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது.

"பாரிசவாதம். பேச ஏலாது," என்றார் அண்ணை. "ஆளையும் மட்டுக்கட்டுறா இல்லை. நீ வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவாய் எண்டுதான் சொல்லேல்லை."

என்னையும் அடையாளம் தெரியாமல் போய்விட்டால் நான் வந்து என்ன? பயத்தோடு கட்டிலருகே குந்தினேன்.

அம்மா கனநேரம் பார்த்தார். பிறகு வழங்குகிற மற்றப் பக்கத்துக் கை மெல்ல எழும்பியது. ஊரில் இடுப்பளவுக்கு வளர்த்து, கொழும்பில் தோளளவுக்கு வெட்டியிருந்த என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். மிச்சம் எங்கே என்று கேட்பதுபோல் விரல்களை விரித்து, முகத்தைச் சுளித்தார்.

விக்கி விக்கி அழுதேன்.

"அண்ணை, அம்மா என்னில குறை பிடிக்கிறா," என்றேன், "இப்ப சொல்லுங்கோ, அம்மா நல்ல சுகம் எண்டு."