பூசணிக்கு எத்தனை ஓ?

கரடியூரில் பெருமாள் நடத்தும் தங்கும் விடுதியில் செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அடுப்படி ஜன்னல்தான். அதனால் புதிதாக வாங்கிய பழைய லேப்டாப் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் சுதாராணி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் சித்தி கமலா குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். பின்னால் சித்தப்பா பெருமாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அது சுதாராணியின் கழுத்தில் பட்டது.

விடுதியின் பழைய கம்ப்யூட்டர் போன மாதத்து இடியில் கருகிவிட்டது. அதில் மெயில் புரோகிராமை அமைத்துக் கொடுத்த பெருமாளின் மகன் தினேஷ் இப்போது சரக்குக் கப்பலில், எந்தக் கடலில் என்று தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வர நினைத்த ஆசிரியைகள் சிலர் போன் செய்திருந்தார்கள். விடுதி மெயிலுக்கு எழுதியிருக்கிறார்களாம். அவர்களுடைய தலைமையாசிரியை மெயிலில் வருவதை மட்டும்தான் நம்புவாராம். இருட்டுவதற்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்.

சுதாராணி ஏற்காடு டவுனில் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள். பொழுது சாய்ந்த பிறகு அவள் பஸ்ஸில் திரும்பி வருவது பெருமாளுக்குப் பிடிக்கவே இல்லை.

"இன்னைக்கு அந்த மெயிலை வர வெச்சுட்டீன்னா கிளாசுக்குப் போ கண்ணு. இல்லீன்னா பெட்டியக் கட்டிக்க. அடிவாரத்துல உங்கப்பன்கிட்டயே கொண்டுபோய் உட்டுடறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

தன் பெயரை டைப் செய்தால்கூட இரண்டு தரம் சரிபார்க்கிற பெண் அவள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்ற வேண்டும், உடனே சோதிக்க வேண்டும், பலிக்காவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை ரசத்துக்கும் இதே முறையைக் கையாண்டாள். அன்றைக்கு ஊரே அடங்கிய பிறகுதான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

"இன்கமிங் சர்வர் பேரு கேக்குதுங்க சித்தப்பா."

"சர்வரா? நம்ம ஊட்டுல ஏது சர்வர்? எலை போடறது, பரிமாறறது எல்லாம் உங்க சித்திதான். கமலான்னு போடு."

"எலை எடுக்கறதும் நான்தான்" என்றாள் சித்தி, கரண்டியை நிறுத்தாமல். "அவுட்கோயிங் சர்வர்னு ஏதாச்சும் கேட்டா அதுக்கும் என் பேரையே போடு கண்ணு. ஒரு நாளைக்கு நான் அவுட்கோயிங் ஆகத்தான் போறேன்."

"அந்தச் சர்வர் இல்லீங்க சித்தி. நமக்கு வர்றதையெல்லாம் வாங்கி வெச்சிருந்து குடுக்கற பெரிய கம்ப்யூட்டருங்க."

"பெரியவரா?" பெருமாள் நிமிர்ந்தார். "அப்ப இந்த மலைக்கே ஒருத்தர்தான். சேர்வராயன்னு போடு."

"சாமி பேரு போட்டா வராதுங்க."

"ஏன் வராது? பஸ்ஸுக்கு வெக்கறாங்க, பேக்கரிக்கு வெக்கறாங்க. உன்ற சர்வர்ல பாதி அவரு பேருதான இருக்குது?"

சுதாராணிக்குச் சிரிப்பு வந்து பாதி வழியில் திரும்பிப் போயிற்று. வகுப்பில் பழகிய சர்வர் பெயரை நிதானமாக அடித்தாள். சோதித்தாள். உள்ளே நுழைய முடியவில்லை என்றது. ஒன்றை மாற்றினாள், சோதித்தாள், பழையபடி வைத்தாள். இன்னொன்றை மாற்றினாள். ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளைப் பனி மூட ஆரம்பித்தது. பெட்டியில் எதை முதலில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் வகுப்புத் தோழி தஸ்லீமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். டவுனில் அப்பாவின் செருப்புக் கடையில் இருந்தபடியே தஸ்லீமா கத்தினாள்: "போர்ட் நம்பர் என்னடி?"

"ஏன் கண்ணு, தினேஷு கப்பல் எந்த போர்ட்டுல நிக்குதுன்னா கேக்கறா?" என்று சித்தி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"போர்டு நம்பரு! அத மொதல்லயே கேட்டிருக்கலாமல்ல" என்று பெருமாள் வாசலுக்கு விரைந்தார். முக்காலியைப் போட்டு ஏறி, கேட்டின் மேல் தொங்கிய விடுதிப் பலகையின் பாசியை வேட்டியால் துடைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

"கண்ணு! நம்பரே இல்ல! சேர்வராயன் இல்லம்னு இருக்குது. ஒரு கரடி படம் இருக்குது. கீழ தினேஷு எழுதுன இங்கிலீஷு!"

"படிங்க சித்தப்பா!"

"ரூம்... அப்புறம் வால் சுருட்டுன ஒரு ஏ... அப்புறம் சேர்வராயன்இல்லம், புள்ளி, காம்!"

"இருடி, இருடி" என்றாள் தஸ்லீமா. "சொந்தப் பேருலயா மெயில் வெச்சிருக்கீங்க? கிளாஸ்ல குடுத்தது இலவச மெயிலுக்குடி, லூசு. சுருட்டை வாலுக்கு அப்புறம் என்ன பேரு இருக்குதோ அதுக்கு முன்னாடி மெயில், புள்ளி, சேர்த்துப் போடு. பெரும்பாலும் அதான் சர்வரு. உள்ள வர்றதுக்கு போர்ட் 993, வெளிய போறதுக்கு 465. பாதுகாப்புன்னு கேக்கற எடத்துல ரெண்டுக்கும் எஸ்.எஸ்.எல். யூசர் நேம்ல முழு அட்ரஸும் அடி."

"அப்படீன்னா சர்வர் பேரு..."

"சேர்வராயன்தான்டி."

பாசிக் கையோடு உள்ளே வந்த பெருமாள் இதைக் கேட்டார். பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார். மீசை பச்சையாயிற்று.

சுதாராணி ஒவ்வொன்றாக மாற்றினாள். கடைசியில் திரையில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது.

"பாஸ்வேர்டு சொல்லுங்க சித்தப்பா."

பெருமாளின் முகம் தொங்கிப் போயிற்று. "கமலா, வெளிய மிளகு காயுது பாரு. மழை வராப்பல இருக்குது."

"மிளகை மத்தியானமே அள்ளிட்டேனுங்க."

"யாரோ கூப்பிடறாங்க பாரு."

"யாருமில்லீங்க."

அவர் சுதாராணியின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவளுக்கு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. தப்பாக அடித்தால் எல்லாம் போயிற்றே! தெளிவாக, உரக்கக் கேட்டாள்.

"பூசணிக்கு ரெண்டு ஓ-வா, ஒரு யூ-வாங்க சித்தப்பா? கமலாவுக்குப் பெரிய கே-வா, சின்ன கே-வா?"

கரண்டி நின்றது. குழம்பு மட்டும் கொதித்தது.

"ஏனுங்க" என்றாள் சித்தி மிக மெதுவாக. "யாருங்க பூசணி?"

"ஆசையா வெச்ச பேரு கமலா... ரெண்டு ஓ, பெரிய கே" என்றார் பெருமாள், எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று தெரியாமல்.

லேப்டாப் 'டிங்' என்றது. ஒரு மாதத்து மெயில்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஆசிரியைகளின் மெயில் இருந்தது. சுதாராணி நான்கு வரியில் பதில் எழுதினாள், இரண்டு தரம் படித்தாள், அனுப்பினாள். போய்விட்டது. சந்தேகத்துக்குத் தஸ்லீமாவுக்கும் ஒன்று அனுப்பினாள். அதுவும் போய்ச் சேர்ந்ததாக ஸ்பீக்கரில் ஒரு விசில் வந்தது.

"பரவால்ல கண்ணு" என்று பெருமாள் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் அந்தக் கிளாஸு, பஸ்ஸு, இருட்டு..."

"அவ போவா" என்றாள் சித்தி. "நாளைக்கே போவா. பாஸ்வேர்டை எப்படி மாத்தறதுன்னு கத்துக்கிட்டு வருவா. பஸ்ஸு லேட்டானா நீங்க போயி டவுன்ல நின்னு கூட்டிட்டு வருவீங்க."

பெருமாள் தலையாட்டினார். குழம்பு அன்று அவருக்குக் கொஞ்சமாகத்தான் விழுந்தது.

மறுநாள் சுதாராணி வகுப்பு முடிந்து வந்ததும் சித்தி அவள் காதில் புதுப் பாஸ்வேர்டைச் சொன்னாள். சுதாராணிக்கு ஒரு எழுத்தில் சந்தேகம் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, சித்தியின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். சித்தி தலையசைத்தாள்.

"என்ன வெச்சிருக்கற கமலா?" என்று பெருமாள் பணிவாகக் கேட்டார்.

"உங்க ஆசைக்கு ஆசையாத்தானுங்க. நம்ம ஊரு பேரு. முழுசா இல்ல, முன் பாதி மட்டும்."

பெருமாள் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் வாசலுக்குப் போய், பலகையில் பளிச்சென்று தெரிந்த படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.