நாலாம் நம்பர் இடம்

கடலோர மணல்மேட்டில் பறவை பார்க்க ஐந்து இடங்கள் என்று அறிவித்தார்கள். நான்கு இடங்களில் மர மேடை போட்டாயிற்று. நாலாம் நம்பர் இடத்தில் மட்டும் என் வீடு நின்றது.

பெரிய வீடில்லை. தகரக் கூரை, ஓர் அறை, முன்னால் கதவு, பின்னால் ஜன்னல். படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்துக் கட்டியது.

பூங்கா அதிகாரி கழுத்தில் பைனாகுலரோடு வந்தார். "பெரியவரே, நீங்க இங்க இருந்தா பறவைங்க பயப்படும்."

"என்னைப் பாத்தா? என் சம்சாரமே பயந்ததில்ல."

கூட வந்த என் மகள் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பூங்காவில்தான் வழிகாட்டி வேலை பார்க்கிறாள். "எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. வந்துடுங்கப்பா."

"அந்த ரூம் ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவர் மூஞ்சில இடிக்குது. வரமாட்டேன்."

திங்கட்கிழமை இடிக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கால் மணலில் புதையாமலிருக்க வாசலில் கிளிஞ்சல் கொட்டி வைத்திருந்தேன். ஞாயிறு காலை கதவைத் திறந்தேன். உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொத்து. கடற்கரை ஆலாப் பறவை! கிளிஞ்சலோடு கிளிஞ்சலாக இரண்டு முட்டை. எனக்குப் பறவை மேல் பாசம் கிடையாது. காலங்காத்தாலே கத்தும், கூரையெல்லாம் எச்சம் போடும். ஆனாலும் மிதிக்க மனசு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாக இறங்கினேன்.

மறுநாள் இடிக்க வந்த ஆட்களை அதிகாரியே தடுத்து, வாசலைச் சுற்றிக் கயிறு கட்டினார்.

"குஞ்சு பறக்குற வரைக்கும் வீட்டத் தொடக்கூடாது. சட்டம். ஆனா நீங்களும் கதவத் தொறக்கக்கூடாது."

"எனக்கு ஜன்னல் போதும்."

"பறந்ததும் இடிச்சிடுவோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் அள்ளி வந்து ஜன்னலடியில் கொட்டினேன். வேண்டுமென்றுதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"இந்த வயசுல திருடன் மாதிரி ஜன்னல் ஏறிக் குதிக்கிறீங்களே" என்றாள் மகள், சாப்பாட்டுத் தூக்கை நீட்டியபடி.

"சொந்த வீட்டுல ஏறிக் குதிக்கிறேன். எவன் கேப்பான்?"

வாசல் குஞ்சுகள் பறந்த அன்று அதிகாரி ஆட்களோடு வந்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பின்பக்கம் போனவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஜன்னல் கீழயும் முட்டை!"

"ஆமா, நேத்துலேருந்து. கயிற மறுபடி கட்டுங்க."

"வாசல் கதவத்தான் தொறக்கலாமே, அங்க குஞ்சு பறந்துடுச்சே" என்றார் கடுப்போடு.

"அங்கயும் இன்னொரு ஜோடி உக்காரப் பாக்குது. நான் தொறக்கமாட்டேன்."

"அப்புறம் எப்படி உள்ள போவீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். ஒரு தகரத்தைக் கழற்றினால் ஆள் நுழையலாம்.

அதிகாரி, கூட வந்திருந்த என் மகளிடம் திரும்பினார். "உங்க அப்பாவுக்கு நீங்களாவது சொல்லுங்கம்மா."

அவள் போய் ஐந்தாம் நம்பர் மேடையில் சாத்தியிருந்த ஏணியைத் தூக்கி வந்து பக்கச் சுவரில் வைத்தாள்.

"புடிச்சிருக்கேன். ஏறுங்கப்பா."