மைனஸ் முப்பத்தெட்டில் உருகிய ஆறு

தியாகராஜா கண்ணை மூடிப் பதினொரு நாள் ஆகியும் அவருடைய உடல் அடக்கச் சேவைக்காரரின் குளிரறையில் கிடந்தது. லண்டனில் செத்தவீடு பத்து நாள் இழுபடுவது புதினமில்லை. பேப்பர் வேலை, சுடலையில் நேரம் கிடைப்பது என்று ஆயிரம் இருக்கும். ஆனால் இங்கே எல்லாம் ஒழுங்காகி, பிளேஸ்டோ வீட்டில் சொந்தபந்தமும் வந்து குந்தியாயிற்று. ஒரே மகன் சயந்தன் வந்து கொள்ளி வைக்கவேண்டும், அது மட்டும்தான் பாக்கி.

சயந்தன் கனடாவில். கனடா என்றதும் ரொறன்ரோவின் ஸ்காபரோவை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களுக்குக் கனடா ரொறன்ரோவோடு முடிந்துவிடும். மொத்தமாக இந்தியாவைப் போல மூன்று மடங்கு நிலமப்பா அது என்றால், "அப்பிடியோ" என்று தேத்தண்ணியைக் குடிப்பார்கள். சயந்தனோ துருவ வட்டத்துக்கும் மேலே, மக்கென்ஸி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் லொறி மெக்கானிக். அங்கே மண்ணுக்குக் கீழே வருசம் முழுக்க உருகாத உறைநிலம். அதனால் வீடுகளைக் கால் நட்டு உயர்த்தித்தான் கட்டுவார்கள். மார்கழி முழுக்கச் சூரியன் தலைகாட்டாது. குளிர்காலத்தில் ஆறு கல்லாக இறுகி, அதன்மேலேயே லொறி ஓடும். வைகாசியில் ஐஸ் உடையும்போது பாதையும் இராது, படகும் இராது.

மகள் பிரியந்திக்கு இதெல்லாம் தகப்பன் ஓதி ஓதித்தான் தெரியும். அப்டன் பார்க் கடையில் வருசப் பிறப்புக்குக் கொடுக்கும் கலண்டரில், ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் அவர் மகனுடைய ஊர்க் குளிரைப் பென்சிலால் எழுதிவைப்பார். காலையில் தேத்தண்ணியோடு அதை வாசித்தும் காட்டுவார். "பிள்ளை, இண்டைக்கு மைனஸ் நாற்பது. பாவம் பெடியன்." ஏதோ மகன் சோதனையில் எடுத்த புள்ளி மாதிரி வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லுவார்.

ஆறு வருசத்துக்கு முன் தாய் செத்தபோது, தகப்பன் யாரோடு இருப்பது என்ற பேச்சு வந்தது. "வயசான மனுசன் இஞ்ச வந்தால் மூச்சே உறைஞ்சு போயிடும் அக்கா" என்றான் சயந்தன். நியாயம்தானே. பிரியந்தி ஆஸ்பத்திரி வேலையை அரை நாளாக்கினாள். கணவனுக்கு லெஸ்டரில் கிடைத்த நல்ல வேலையையும் வேண்டாம் என்று விடவைத்தாள். தம்பியில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குளிரோடு யார் போய்ச் சண்டை பிடிப்பது?

இப்போது மாசி மாதம். முதல் கிழமை பனிப்புயல் என்றான், பொறுத்தார்கள். இன்று மறுபடி போன் எடுத்தான்.

"ஆறு உடைஞ்சிட்டுது அக்கா. ஐஸ் பாதையை மூடிட்டாங்கள். இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ, எப்பிடியும் வாறன்."

அவள் அடக்கச் சேவைக்காரரிடம் கெஞ்சி, குறித்திருந்த நாளை ஒரு கிழமை தள்ளிவைத்தாள். சித்தப்பா சண்முகராசா மூக்கால் அழுதார். எல்லாரும் போனபிறகு குசினிச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். பதினொரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மனம் கேட்கவில்லை. போனில் தம்பியின் ஊர்க் குளிரைப் பார்த்து, தகப்பனின் பென்சிலாலேயே எழுதினாள். மைனஸ் முப்பத்தெட்டு.

எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. மைனஸ் முப்பத்தெட்டில் ஆறு உருகுமோ? கேப்பையில் நெய் வடிகிறது என்று அவன் சொல்ல, பதினொரு நாளாகத் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாளே!

உடனே போன் எடுத்தாள். "சயந்தன், நீ எங்கை நிக்கிறாய்?"

"சொன்னனான்தானே அக்கா..."

"இது மாசி. வைகாசியிலை உடையிற ஆறு மாசியிலை எப்பிடி உடைஞ்சது? அப்பா எனக்கு வேறை ஒண்டும் விட்டுட்டுப் போகேல்லை, இதைத்தான் சொல்லித் தந்திட்டுப் போனவர்."

அவன் குரலைத் தணித்துச் சொன்னான். "ஸ்காபரோவிலை. நாலு வருசமாய். அந்த ஆத்தங்கரையிலை ரெண்டு குளிர்காலம்தான் தாக்குப்பிடிச்சனான். இப்ப சொந்தமாய்க் கடை திறந்து ரெண்டு கிழமைதான் அக்கா. விட்டிட்டு வர ஏலாது."

"அப்பா கிடக்கிறாரடா."

"அப்பாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு அவர்தான் சொன்னவர்."

"செத்த மனுசனிலை பழியைப் போடாதை" என்று போனை வைத்தாள்.

வைத்தாளே தவிர மனம் அடங்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் தகப்பன் சுருட்டிவைத்திருந்த பழைய கலண்டர்களை இழுத்துப்போட்டாள். மூன்று வருசத்துக்கு முந்திய மார்கழியில், பதினேழாம் தேதிக் கட்டத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "வீடியோவில் சயந்தன் முகத்தில் வெயில்." சூரியனே எழும்பாத மாதத்தில் வெயில். அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள். மேலே மைனஸ் முப்பத்தொன்று. கீழே மைனஸ் இரண்டு, பக்கத்தில் 'ரொ' என்று ஓர் எழுத்து. மூன்று வருசமும் அப்படித்தான். சுவரில் தொங்கியபோது, கீழ் எண் லண்டன் குளிராக்கும் என்று அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. தன் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்து, அந்த ஊர்க் குளிரையும் ஒரு நாள் விடாமல் பார்த்து எழுதியிருக்கிறார். தேத்தண்ணி வேளையில் மகளுக்கு மேல் எண்ணை மட்டும் வாசித்திருக்கிறார்.

தம்பியைக் காறித் துப்பிவிடலாம், அவன் தூரத்துக் கள்ளன். இவர்? அவள் வைத்த சோற்றைத் தின்று, அவளுடைய கையால் நகம் வெட்டுவித்துக்கொண்டு, "பாவம் பெடியன்" என்று அவளையும் அல்லவா உச்சுக்கொட்ட வைத்தார். கலண்டர்களின் நடுவே இருந்து வாய்விட்டு அழுதாள். செத்ததற்கு அழுத அழுகை இல்லை அது.

காலையில் அடக்கச் சேவைக்காரரைக் கூப்பிட்டு, பழைய நாளையே திரும்பக் கேட்டு வாங்கினாள்.

சுடலை மண்டபம் நிறையச் சனம். ஐயர் கேட்டார், "மகன் வரேல்லையோ? அப்ப ஆர் கொள்ளி வைக்கிறது?"

"நான்" என்றாள் பிரியந்தி.

சண்முகராசா சனத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பாவம் பெடியன், ஐசுக்குள்ளை மாட்டுப்பட்டுப் போனான். இல்லாட்டிப் பறந்து வந்திருப்பான்."

சனம் உச்சுக்கொட்டியது. பிரியந்தி கைப்பையிலிருந்து கலண்டரை எடுத்து, பெட்டிக்குள் கிடந்த தகப்பனின் முகத்துக்கு நேரே விரித்தாள். அன்றைய கட்டத்தில் விடியவே இரண்டு எண்களையும் எழுதியிருந்தாள்.

"அப்பா, மேலாலை உள்ளதை நீங்கள் எத்தனையோ தரம் வாசிச்சிட்டியள். கீழை உள்ளதை இண்டைக்கு நான் வாசிக்கிறன்" என்றாள். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினாள். "ஸ்காபரோ, மைனஸ் ரெண்டு. வெயில் எறிக்குதாம். பிளேன் எல்லாம் ஓடுது."