வியாழக்கிழமை வரிசை

சாவியைக் கழற்ற வேண்டுமென்றால் பொக்னாவின் தலையைத் தூக்கியாக வேண்டும். தீமோன் தலையணைக்கும் மனைவியின் பிடரிக்கும் நடுவில் கையைக் கொடுத்துத் தூக்கினான். கனமே இல்லை. மாதா பதக்கம் கோத்த கயிற்றில்தான் சாவியும் கிடந்தது. காய்ச்சல் இரும்பிலும் ஏறியிருந்தது.

கயிறு காதைத் தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க எடுத்துட்டுப் போற?”

“ஹால்ஷ்கா அக்கா வந்திருக்காங்க. அடுப்படியில உக்காந்திருக்காங்க. வியாழக்கிழமை பொருள் குடுக்கணுமாம்.”

“கோட்டைக் கழட்டினாளா?”

“இல்ல.”

“அப்ப ஜெபம் சொல்ல வரல.”

கோவிலின் பின்புறம், முன்பு மறைக்கல்வி நடந்த அறையில் கோவில் நடத்திய இலவச உணவு அறை இருந்தது. நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு சிலேசியா வட்டாரத்தின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் வியாழக்கிழமைதோறும் அங்கேதான் பை பிடித்தார்கள். மாவு, பார்லி, எண்ணெய், டின் இறைச்சி. பொக்னா பொறுப்பேற்றபோது வரும் பொருளில் பாதி ஹால்ஷ்கா போன்ற தொண்டர்களின் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பூட்டை மாற்றினாள். சாவி ஒன்றுதான், அது என் கழுத்தில்தான் என்றாள். அன்றிலிருந்து வரிசையில் நின்ற யாருக்கும் எதுவும் குறையவில்லை. அன்றிலிருந்து அவளை யாருக்கும் பிடிக்கவும் இல்லை. ஊரில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பேர்.

“அவகிட்டக் குடுக்காத. மொத மூட்டை தங்கச்சி வீட்டுக்குப் போகும்.”

“மெதுவாப் பேசு. கேக்கப்போகுது.”

“கேக்கட்டும். அவ கேக்காததா?” மூச்சு வாங்கினாள். “தீமோன், நான் செத்தா கோவிலுக்கு யாரு வருவா?”

“எல்லாரும் வருவாங்க.”

“போடா. நீ, அம்மா, சாமியார், ஆர்கன் வாசிக்கிறவன். அவனுக்கும் வேலைங்கறதால.”

அவன் அவள் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தான்.

“அம்மா தன் ஊர்ல தெருப் பூரா சொல்லி வெச்சிருக்கு. என் மக ஒரு ஊருக்கே ரொட்டி போடறான்னு. அம்மா காலிக் கோவிலப் பாக்கக் கூடாது.”

“பாக்க மாட்டாங்க.”

“எப்படி?”

“நான் பாத்துக்கறேன்.”

அவள் கயிற்றை விட்டாள். தீமோன் அடுப்படிக்குப் போய், சாவி இன்றைக்கு இல்லை என்று ஹால்ஷ்காவை அனுப்பி வைத்தான்.

அன்று சாயங்காலம், சுரங்கக் கழிவு மேட்டின் மேல் வெளிச்சம் இருக்கும்போதே, பொக்னா போய்விட்டாள். தீமோன் கையில் அப்போது ஒரு கரண்டித் தண்ணீர் இருந்தது. அவள் உதட்டை நனைக்க எடுத்தது. அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு தானே குடித்தான்.

மறுநாள் ஹால்ஷ்கா மறுபடி வந்தாள். இந்த முறை கோட்டைக் கழற்றினாள். ஜெபமாலையை முழுக்கச் சொன்னாள். ‘ஆமென்’ சொன்ன வாயோடு கையை நீட்டினாள்.

“சாவி, தம்பி.”

“வியாழக்கிழமை நானே வந்து திறக்கறேன்.”

“வியாழக்கிழமைதானே அடக்கம்?”

“ஆமா. அடக்கம் முடிஞ்சதும் திறக்கறேன்.”

“காலையிலயே வந்து நிப்பாங்கப்பா.”

“நிக்க வேணாம். பூசைக்கு வரச் சொல்லுங்க. உள்ள சூடாத்தான் இருக்கும்.”

ஹால்ஷ்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“கல்லறை வரைக்குமா?”

தீமோன் கல்லறை மேட்டின் மேலே மாமியார் மட்டும் நிற்பதை நினைத்துப் பார்த்தான்.

“கல்லறை வரைக்கும்.”

“கிழடு கட்டையெல்லாம் இருக்கு. பனி வேற கொட்டுது.”

“வரணும்க்கா.”

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். கடைசிப் பொத்தான்வரை போட்டாள்.

“அவ வாய் தேள் வாய்தான். ஆனா ஒருத்தரையும் காக்க வெச்சதில்ல,” என்றாள். கதவை அவளே சாத்திக்கொண்டு போனாள்.

மாமியார் லுத்மீலா புதன்கிழமை ரயிலில் வந்திறங்கினார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். முதுகு வளையாது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைமுடியை அவரே திரும்ப வாரிவிட்டார். வகிடு வலப்பக்கம் எடுக்க வேண்டும், யாரோ இடப்பக்கம் எடுத்துவிட்டார்கள் என்றார். அழவில்லை. “நாளைக்குக் கூட்டம் இருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

“இருக்கும்மா.”

இருந்தது. உட்கார இடம் இல்லை. பாட்டு மாடத்துக்கு ஏறும் படியில்கூட ஆட்கள். வாசலில் குழந்தை வண்டிகளும் சக்கரம் வைத்த பைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மற்றவர்கள் பைகளை மடித்துக் கோட்டுக்குள் வைத்திருந்தார்கள். முழந்தாளிடும்போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரத்தது. ஈரக் கம்பளியின் வாடை சாம்பிராணியையும் மீறி அடித்தது.

லுத்மீலா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை பேரா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே அவ.”

“அவ அப்படித்தாம்மா.”

“சின்ன வயசுல ஒரு சிநேகிதி கிடையாது அவளுக்கு. நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா?”

பின் பெஞ்சில் இரண்டு பெண்கள்.

“செத்தும் குடுக்க மாட்டேங்குது பாரு பூட்டு.”

“சும்மா இரு. புருஷன் காதுல விழும்.”

“விழட்டும். அவன்கிட்டத்தான் சாவியாம்.”

லுத்மீலா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். தீமோன் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தான்.

சாமியாரும் கூட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். “ஒரு மனுஷி என்ன விதைச்சாங்கிறதை இங்க வந்து நிக்கிறவங்களப் பாத்தாலே தெரியும்,” என்றார். எங்கோ ஒருவர் செருமினார். செருமல் அப்படியே இருமலாகப் பெஞ்சு பெஞ்சாகப் போனது. சாமியார் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிறுத்தினார்.

தூணோரம் வலேரியான் கிழவர் நின்றிருந்தார். சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். கையில் இரண்டு துணிப்பைகள். ஒன்று வெறும் சாம்பல் நிறம். இன்னொன்றில் நீலப் பூ தைத்திருந்தது. அது அவர் மனைவி இர்மாவின் பை.

இர்மா வசந்தத்தில் இறந்தாள். அடுத்த வியாழக்கிழமை கிழவர் வழக்கம்போல இரண்டு பைகளோடு வந்து நின்றார். தீமோன் அன்று உணவுப் பெட்டிகள் தூக்க வந்திருந்தான். வீட்டில் எத்தனை பேர் என்று எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் பொக்னா அவரிடமும் கேட்டாள். அவர் வாய்ப்பழக்கத்தில் “ரெண்டு” என்றார். “ஒண்ணு,” என்றாள் பொக்னா. வரிசைக்கே கேட்டது. நீலப் பூ பையிலிருந்து எண்ணெய் பாட்டிலைத் திரும்ப எடுத்து மேசைக்கடியில் வைத்தாள். கிழவர் காலிப் பையையும் பிடித்துக்கொண்டு போனார்.

“ஒரு வாரம் விட்டிருக்கலாமே,” என்று தீமோன் வீட்டில் கேட்டான்.

“ஒரு வாரம் விட்டா, அடுத்த வாரம் எப்படி எடுக்கறது? இன்னிக்கு வலிச்சது இன்னிக்கோட போச்சு,” என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அது ஊரில் யாருக்கும் தெரியாது.

கல்லறை மேடு செங்குத்து. மழையும் பனியுமாகக் கலந்து அடித்தது. சவப்பெட்டிக்குப் பின்னால் ஊரே ஏறியது. குழந்தை வண்டிகளை இரண்டு பேராகத் தூக்கினார்கள். முட்டி வலிக்காரர்கள் பக்கத்துக் கல்லறைகளைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். யாரும் திரும்பிப் போகவில்லை. லுத்மீலா அடிக்கொரு தரம் நின்று, பின்னால் வரும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது தீமோனுக்குச் செய்தது சரிதான் என்று தோன்றியது. அந்த ஒரு முறைதான் தோன்றியது.

பெட்டி இறங்கியது. சாமியார் தீர்த்தம் தெளித்து ஒதுங்கினார். ஆளுக்கொரு பிடி மண் போட வேண்டும். கூட்டமாக நின்றவர்கள் யாரும் சொல்லாமலே வரிசையானார்கள். வியாழக்கிழமை வரிசை. அதே முழங்கைகள்.

“அம்மணி, நான் உங்களுக்கு முன்னாடி.”

“எங்க? கோவில் வாசல்ல இருந்து நான்தான் முன்னாடி.”

“இங்க எந்த வரிசையோ அதேதானாம் உணவு அறையிலயும். தள்ளாதீங்க.”

“யாரு தள்ளுறா? குழிக்குள்ள விழணுமா நான்?”

மண் அவசர அவசரமாக விழுந்தது. போட்டவர்கள் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். ஓடக் கூடாது என்று தெரிந்து வேகமாக நடந்தார்கள். வளைவு தாண்டியதும் ஓடினார்கள்.

லுத்மீலா இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண்ணின் கையை எட்டிப் பிடித்தார்.

“இந்தப் பனியில பிள்ளையத் தூக்கிட்டு வந்தியேம்மா. என் மகளுக்காக.”

“அட, விடுங்கம்மா. வியாழக்கிழமைன்னா எப்படியும் வர்றதுதான்.” பிள்ளை அழுதது. “இன்னிக்கு என்னடான்னா மலையேறிட்டு வந்தாத்தான் மாவுன்னுட்டாங்க. காலையில இருந்து இதுக்கு ஒண்ணும் குடுக்கல.”

கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

“என்ன சொல்றா அவ?”

“குளிர்தும்மா. ஏதோ சொல்றா.”

லுத்மீலா அவனைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார். நெடுக முதுகுகள். ஒரு முகம்கூடத் திரும்பியிருக்கவில்லை.

குழி தோண்டியவர்கள் இரண்டு பேர் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்கள். வேறு யாரும் இல்லை. அப்போதுதான் வலேரியான் கிழவர் மேட்டுக்கு வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் பின்னால் ஏறியவர். மூச்சு விசிலடித்தது. பைகளை அடுத்த கல்லறைமேல் வைத்தார். குனிய முடியவில்லை. குழிவெட்டி ஒருவன் மண்ணை அள்ளி அவர் கையில் கொடுத்தான்.

“என் மகளைத் தெரியுமா உங்களுக்கு?” என்றார் லுத்மீலா. குரல் மெல்ல வந்தது. தீமோன் கிழவரின் கண்ணைப் பார்த்தான். கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

“தெரியும்.” கிழவர் மண்ணைப் போட்டார். “கணக்குல ரொம்பச் சரியா இருப்பா.”

“ஆமா. சின்னதுலயே அப்படித்தான்.”

“ம்.” அவர் பைகளை எடுத்துக்கொண்டு தீமோன் பக்கம் திரும்பினார். “தம்பி, இவ்ளோ கடைசியா வந்துட்டேன். எனக்கு ஏதாவது மிஞ்சுமா?”

லுத்மீலா கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

“போய்க் கதவைத் திற,” என்றார். “குழந்தைங்க நிக்குது.”

உணவு அறை வாசலில் தெரு முனைவரை வரிசை. தீமோன் வந்ததும் சத்தம் நின்றது. கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினான். விரல் மரத்துப்போய்ச் சாவி துவாரத்தில் நுழையவில்லை. யாரோ சிரித்தார்கள். ஹால்ஷ்கா அதை வாங்கித் திறந்தாள். விளக்கைப் போட்டாள். மேசைக்குப் பின்னால் பொக்னா நிற்கும் இடத்தைக் காட்டி, “நில்லு,” என்றாள். “நீதானே வரச் சொன்ன? நீயே கேளு. நீயே குடு.”

கேட்டான். வீட்டுல எத்தனை பேரு? நாலு. வீட்டுல எத்தனை பேரு? ஆறு. யாரும் அனுதாபம் சொல்லவில்லை. ஒரு பெண் மட்டும் மாவுப்பையைத் தூக்கிப் பார்த்து, “எடை குறையுற மாதிரி இருக்கே. பூட்டு இருந்தப்ப குறையாது,” என்றாள்.

கடைசியில் வலேரியான் வந்தார். இரண்டு பைகளையும் மேசைமேல் வைத்தார். தீமோன் அவரிடம் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. சாம்பல் பையில் ஒரு எண்ணெய் பாட்டில் வைத்தான். நீலப் பூ பையில் இன்னொன்று வைத்தான்.

கிழவர் இரண்டாவது பாட்டிலை வெளியே எடுத்து மேசையில் அவன் பக்கமாகத் தள்ளினார்.

“எனக்கு ஒண்ணு. உன் பொண்டாட்டி சொன்னது.”

“இருக்கட்டும் ஐயா. வெச்சுக்குங்க.”

“வேணாம்.” மூச்சுக்காக நின்றார். “உங்க வீட்டுல இப்ப எத்தனை பேரு?”

ஹால்ஷ்கா பெட்டி அடுக்குவதை நிறுத்தினாள். தீமோன் வாயைத் திறந்தான்.

“ரெண்டு,” என்றார் லுத்மீலா. கதவோரம், கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். “நாளைக்குச் சாயங்கால ரயில் வரைக்கும் ரெண்டு.”

கிழவர் தலையாட்டினார். சாம்பல் பையைத் தோளில் மாட்டினார். நீலப் பூ பையை மேசையில் விரித்துத் தடவி, சுருக்கம் எடுத்து, நாலாக மடித்தார். போகும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை.